மேற்கு பார்த்த சமையலறை

ஜனவரி 6, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். இருபத்தைந்து வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் பல் தேய்ந்ததுதான் மிச்சம். இன்றிலிருந்து எழுதிவைக்கப் போகிறேன்.

என் வயது நாற்பத்தொன்பது. சிவில் படித்து, ஸ்ட்ரக்சரலில் எம்.இ. முடித்து, திருச்சியில் வீடு கட்டிக்கொடுத்துப் பிழைத்தவன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு மாணவன். வகுப்பில் அறுபது பேர். எனக்கு அடுத்தபடியாக மூத்தவனுக்கு இருபத்தொன்று.

காரணம் ஒரு பெயர்ப்பலகை. என் ஆபீஸ் வாசலில் 'என்ஜினியர் & ஆர்க்கிடெக்ட்' என்று எழுதியிருந்தேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எவனோ ஒருவன், ஆர்க்கிடெக்சர் படிக்காத ஆள் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறான் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டான். நோட்டீஸ் வந்தது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பாதிப் பலகையை அழித்தேன். பெயின்டர், "மீதியும் வேணாமா சார்?" என்று கேட்டான்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. மொட்டைப் பெட்டிஷன். தன் பெயரைப் போடத் துணிவில்லாதவன் எழுதுவதை நான் எழுத்தாகவே மதிப்பதில்லை. ஆனால் அரசாங்கம் மதிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தில்லைநகரில் ஒரு புதுமனை புகுவிழா. அஸ்திவாரம் முதல் மொட்டைமாடி வரை என் வேலை. முன்பக்கச் சுவரில் செங்கல்லைப் பூசாமல் விடச் சொன்னது மட்டும் ஒரு ஆர்க்கிடெக்ட். அவருக்குப் பட்டுச் சால்வையும் குத்துவிளக்கும். எனக்கு ஒரு துண்டு. மேஸ்திரிக்கும் அதே துண்டு. வீட்டுக்கு வந்து அதை மனைவி தமயந்தியிடம் கொடுத்தேன். நல்ல பருத்தி என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஜனவரி 8, புதன்

பல் டாக்டரிடம் போனதால் மதியம் வகுப்புக்குப் போகவில்லை. தமயந்தியின் போனுக்குக் கல்லூரியிலிருந்து செய்தி: உங்கள் வார்டு இன்று பிற்பகல் வகுப்புக்கு வரவில்லை. பாதுகாவலர் என்ற இடத்தில் அவள் எண்ணைக் கொடுத்தது என் தவறு. அவள் பேங்க்கில் அசிஸ்டென்ட் மேனேஜர். கேஷ் கவுன்டர் வரைக்கும் எல்லோருக்கும் காட்டிவிட்டாள்.

ஜனவரி 22, புதன்

வடிவமைப்பு வகுப்பை இங்கே ஸ்டூடியோ என்பார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்குப் பொறுப்பு நிரஞ்சன். முப்பது, முப்பத்தொன்று இருக்கும். கதர் ஜிப்பா. நான் அவரை சார் என்கிறேன், வயதைப் பார்த்து அவர் என்னை சார் என்கிறார். இரண்டு சாருக்கும் நடுவில் விஷயம் காணாமல் போய்விடுகிறது.

இன்று ஒரு மணி நேரம் பேசினார். ஒரு மனை மாதிரி இன்னொரு மனை கிடையாதாம். மனையின் காதோடு பேச வேண்டுமாம், அது பதில் சொல்லும்வரை பென்சிலைத் தொடக்கூடாதாம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய டிரேசிங் ஷீட்டை இறக்கினேன். ஓரங்கள் பழுத்திருக்கின்றன, கோடு ஒன்றுகூட மங்கவில்லை. இரண்டு படுக்கையறை வீடு. படுக்கையறைகள் மேற்கே, சாயங்கால வெயில் ஏறாமலிருக்க மூன்றடி சன்ஷேடு, ஜன்னலின் இரண்டு பக்கமும் சுவர் இறக்கி. சமையலறை கிழக்கே, காலை வெளிச்சம் வர அங்கே ஒன்றரை அடி போதும். சூரியன் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு வரைந்தது. இந்த ஒரே பிளானில் பதினான்கு வீடு கட்டியிருக்கிறேன். கேட் வர வேண்டிய இடத்தில் மின்கம்பம் நிற்கிறதா, ஷீட்டைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. இடது வலதாகும், வலது இடதாகும், கம்பம் தன் பாட்டுக்கு நிற்கும். ஐந்து நிமிட வேலை. எந்த மனையின் காதையும் நான் கடித்ததில்லை.

ஜனவரி 30, வியாழன்

இந்த செமஸ்டருக்கான வேலை அறிவிக்கப்பட்டது. மூன்று பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு சாதாரண வீடு. அளந்து வரைந்து, குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்த வீட்டில் என்ன சரியில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வழி சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் யாரென்று தேடிப் பேட்டி எடுத்தால் கூடுதல் மதிப்பெண்.

என் குழுவில் ஷிஃபானா, லோகேஷ். பெண் பாலக்கரையைச் சேர்ந்தவள், அளவு டேப்பைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். லோகேஷ் எதற்கும் சிரிப்பான். இருவருக்கும் நான் அங்கிள். சீட்டுக் குலுக்கிப் போட்டு லோகேஷ் எடுத்தான். கிராப்பட்டி, மரியதாஸ், ரயில்வே கார்டு, ஓய்வு.

பிப்ரவரி 3, திங்கள்

வேறு வீடு தரும்படி நிரஞ்சனிடம் கேட்டேன். கிராப்பட்டிக்கு பஸ் வசதி குறைவு என்று விளக்கினேன். கிராப்பட்டிக்கு பஸ் நிறையவே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

போனோம். எங்கே திரும்ப வேண்டும் என்று லோகேஷ் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் திரும்பிவிட்டேன். திருச்சியில் எனக்குத் தெரியாத தெரு கிடையாது, அவ்வளவுதான்.

மரியதாஸுக்கு எழுபது தாண்டியிருக்கும். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று நின்று, எதையும் பின்னாலிருந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். மனைவி பிலோமினா அதிகம் பேசவில்லை. நாங்கள் போனது மூன்று மணி வாக்கில். சமையலறையில் ஷிஃபானா டேப்பைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சுவரில் கை வைத்தவள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் தோசைக்கு எங்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறதில்லம்மா," என்றார் மரியதாஸ். "மாவை சுவத்துல ஊத்திட்டு ஜெபம் சொன்னா, முடியறப்ப எடுத்துறலாம்."

லோகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. மாசி பிறந்துவிட்டால் திருச்சியில் எந்தச் சுவர்தான் சுடாது?

இரவுச் சாப்பாட்டையும் காலை பத்து மணிக்குள் சமைத்து மூடிவைத்துவிடுவாராம் பிலோமினா. மதியத்துக்கு மேல் அந்த அறைக்குள் போவதில்லை. வீட்டுக்கு வந்த வருடம் முதல் அப்படித்தானாம். ராத்திரி எப்போதும் ஆறிப்போன சோறு. சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். கிழக்கே இருக்கும் படுக்கையறையிலோ பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. ஷிஃபானா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

டீ வந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் போட்டு எடுத்து வந்திருந்தார் பிலோமினா. பிள்ளைகள் இருவருக்கும் சர்க்கரை போட்டது. என் தம்ளரை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்து, "சக்கரை போடல, சார்," என்றார்.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இள வயதிலிருந்தே டீயில் சர்க்கரை பிடிக்காது. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. வயதான ஆண்கள் எல்லோரும் சர்க்கரையை நிறுத்தியவர்கள் என்று பெண்கள் நினைத்துக்கொள்வது வழக்கம்.

பிப்ரவரி 24, திங்கள்

லோகேஷ் போனில் ஒரு பக்கத்தைக் காட்டினான். கல்லூரிப் பிள்ளைகள் பெயர் போடாமல் மனதில் இருப்பதை எழுதும் இடமாம். 'கன்ஃபெஷன்ஸ்' என்று பெயர். மெஸ் சாம்பாரில் என்ன கிடந்தது, யார் யாரைக் காதலிக்கிறார்கள், நிரஞ்சனின் ஜிப்பாவுக்கு எத்தனை நிறம், இதுதான் அங்கே இலக்கியம். நடத்துபவர் யாரென்று யாருக்கும் தெரியாது என்று சொல்லும்போது லோகேஷின் முகம் கொஞ்சம் சிவந்தது. முகம் காட்டாமல் எழுதுவது கோழைத்தனம் என்று சொல்லிவைத்தேன். என்னை வைத்து ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கேட்டேன். "உங்களுக்கு ஃபேன்ஸ் இருக்காங்க அங்கிள்," என்றான். பிறகு தனியாகத் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

இந்த ஷிஃபானாவிடம் எனக்குப் பிடிக்காதது அவளுடைய பிடிவாதம்.

இன்று ஸ்டூடியோவில் அந்த வீட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே மூன்றடி சன்ஷேடு, இரண்டு பக்கமும் இறக்கிய சுவர். மேற்கே ஒன்றரை அடி. வெயில் வராத பக்கம் குடை, வெயில் வரும் பக்கம் மொட்டை. வரைந்தவருக்குத் திசை தெரியாது என்று லோகேஷ் முடித்துவிட்டான். இவள் ஒப்பவில்லை.

"திசை தெரியாதவர் இவ்வளவு கரெக்டா மூணடி போட மாட்டார். சுவரை வேற இறக்கியிருக்கார். நல்லா தெரிஞ்ச ஆளுதான்," என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல்முறையாக அந்தப் பெண்ணுக்கு எதிர்காலம் இருப்பதாகப் பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடியில் இருப்பது தெரியும் பட்டர் பேப்பரை எடுத்தாள். பிளானை அதில் நகலெடுத்தாள். பேப்பரைத் தூக்கி, கவிழ்த்து, மறுபடி மேஜையில் போட்டாள். சமையலறை கிழக்கே வந்து உட்கார்ந்தது. மூன்றடி சன்ஷேடு மேற்கே போய் நின்றது. எல்லாம் அதனதன் இடத்தில்.

"ஷீட்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க அங்கிள். வேற யாரோட வீட்டுக்கோ போட்ட பிளான் இது."

லோகேஷ் கூடச் சிரிக்கவில்லை. நான் கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை. பாதுகாவலருக்குச் செய்தி போயிற்று.

மார்ச் 15, சனி

மறுபடி கிராப்பட்டி. வடிவமைத்தவர் யாரென்று கேட்க வேண்டுமே. நான் வெளியே நின்று காம்பவுண்டு சுவரை அளந்தேன். ஏற்கெனவே அளந்ததுதான், இரண்டாம் முறை அளப்பது என் பழக்கம். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

மரியதாஸுக்குப் பெயர் நினைவில்லை. அப்போது அவருக்கு ஈரோடு லைனில் டியூட்டி, வீட்டுக்கு வருவதே அபூர்வம். யாரோ சின்ன வயது என்ஜினியர், அஸ்திவாரம் போட்ட அன்றைக்கும் கான்கிரீட் போட்ட அன்றைக்கும் வந்தார், மற்றதெல்லாம் மேஸ்திரிதான் என்றார். "நீங்க வாஸ்து பாக்காதவரு, அதனால வேலை சுலபம்னு மட்டும் சொன்னாரு," என்று ஒரு வாக்கியத்தை நினைவுபடுத்திக்கொண்டார். அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்கலாம்.

பிலோமினாவிடம் ஷிஃபானா கேட்டாள். உங்களுக்காவது நினைவிருக்கிறதா ஆன்ட்டி?

நான் டேப்பைச் சுற்றினேன்.

"இல்லம்மா," என்றார்.

மார்ச் 24, திங்கள்

ஷீட்டில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் என்ன போடுவது என்று விவாதம். லோகேஷ் 'ஏதோ ஒரு மேஸ்திரி' என்று போடலாம் என்றான். மேஸ்திரி என்று போடக் கூடாது என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் குழு திரும்பிப் பார்த்தது. கடைசியில் ஷிஃபானா 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினாள்.

சரிசெய்யும் வழியையும் வரைந்திருக்கிறாள். மேற்கே இரும்புத் தாங்கிகள் அடித்து ஓட்டுச் சாய்ப்பு. கிழக்கே இறக்கிய சுவர்களை உடைத்து வெளிச்சம். தாங்கி மெலிவாக இருந்தது, ஆடிக் காற்றுக்கு ஓடெல்லாம் பறந்துவிடும். கணக்குப் போட்டுத் திருத்திக் கொடுத்தேன். "இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல அங்கிள்," என்றாள். சொல்லிக்கொடுக்க அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே.

ஏப்ரல் 4, வெள்ளி

செமஸ்டர் முடிவில் வெளியிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்டை அழைப்பார்கள். ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் மாணவர்களை நிற்கவைத்து, எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார்கள். இதற்கு ஜூரி என்று பெயர். இங்கே குற்றவாளி யார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை, தீர்ப்பை வாசிப்பதுதான் பாக்கி.

இந்த முறை சென்னையிலிருந்து சுபத்ரா மேடம். என் வயதுதான். முதலில் என்னை ஆசிரியர் என்று நினைத்து வணக்கம் சொன்னார். நான் ஷீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதும், கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

ஷிஃபானா பட்டர் பேப்பரைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டியபோது ஹாலே எட்டிப் பார்த்தது. நிரஞ்சனுக்கு முகமெல்லாம் பெருமை. சோம்பேறித்தனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, படங்களை எனக்கு அனுப்பு, எல்லாக் கல்லூரியிலும் காட்டுகிறேன் என்றார் மேடம். பிறகு, "இதுக்கு டிசைனர்னு ஒருத்தர் இருந்திருக்கவே மாட்டார். எவனோ கான்ட்ராக்டர் சுட்ட பிளான்," என்றார்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"சுட்ட பிளான் இல்ல, மேடம். படிச்ச என்ஜினியர் போட்டது."

எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். பீமின் அளவைப் பார்த்தாலே தெரியும் என்றேன். படித்தவர் என்றால் ஏன் திருப்பிப் போட்டார் என்றார்.

"கேட் வர்ற இடத்துல மின்கம்பம் நின்னுது," என்றேன்.

மேடம் தலையசைத்தார். களத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்தது இந்தக் குழு ஒன்றுதான் என்று நிரஞ்சனிடம் சொல்லிவிட்டு, ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த சுவருக்குப் போனார். என் வாழ்க்கையில் ஓர் ஆர்க்கிடெக்ட் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை.

ஷிஃபானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீட்டுகளைச் சுருட்டும்போது, லோகேஷ் அந்தப் பக்கம் போன சமயத்தில், மெதுவாகச் சொன்னாள்:

"அங்க கம்பமே இல்லையே, அங்கிள்."

போனில் படத்தைக் காட்டினாள். வீட்டின் முன்பக்கம், கேட், வேப்பமரம். கம்பம் இல்லை. எப்போதோ எடுத்துத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நட்டுவிட்டிருக்கிறார்கள்.

அனுபவமுள்ள என்ஜினியருக்கு இதெல்லாம் தானாகத் தெரியும் என்றேன். சரிங்க அங்கிள் என்றாள். ரப்பர் பேண்டைப் போட்டு ஷீட்டை என் கையில் கொடுத்தாள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பது அப்படியே இருந்தது.

ஏப்ரல் 5, சனி

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லோகேஷ் இந்நேரம் சிரித்திருப்பான்.

ஏப்ரல் 9, புதன்

இன்னும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும்?

ஏப்ரல் 19, சனி

கிராப்பட்டியில் சாய்ப்பு வேலை ஆரம்பம். காகிதத்தில் இருக்கும் யோசனை தாங்குமா தாங்காதா என்று ஒரு வீட்டிலாவது சோதித்துப் பார்ப்பது என்ஜினியரிங் முறை. என் பழைய மேஸ்திரியையும் வெல்டரையும் அனுப்பினேன். மரியதாஸிடம் கல்லூரி செய்கிறது என்று சொல்லச் சொன்னேன். ஷிஃபானாவும் லோகேஷும் பரீட்சைக்குப் படிக்காமல் அங்கே வந்து நிற்கிறார்கள். இரண்டு பேரும் செங்கல் நனைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தமயந்தியிடமும் சோதனை என்றுதான் சொன்னேன். சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, பதினாலு வீட்டுல எத்தனை திருப்பிப் போட்டது?"

ரசம் சூடாக இருந்தது. அதைப் பற்றிப் பேசினேன்.

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. வெயிலில் சாய்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? நாலு மணிக்குப் போனேன், தனியாக.

மரியதாஸ் ஹாலில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பிலோமினா சமையலறையில் இருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான். ஓட்டு நிழல் ஜன்னலுக்குக் கீழே வரை இறங்கியிருந்தது. கணக்கு ஓர் அங்குலம்கூடத் தவறவில்லை.

டீ போட்டுக்கொண்டிருந்தார். சொந்த அடுப்பில். சர்க்கரை டப்பாவைத் தொடாமல் தம்ளரை நீட்டினார்.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன், சார். நீங்கதான் அப்புறம் இந்தப் பக்கமே வரலியே."

எதைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டேன். சோறு இனிமேல்தான் வைக்க வேண்டும் என்றார்.

டீ நன்றாக இருந்தது.

மே 8, வியாழன்

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. கட்டடக்கலைக் கல்வி எந்த நிலைமையில் இருக்கிறது, அனுபவம் எப்படி மதிக்கப்படுகிறது, சால்வை யாருக்குப் போகிறது, துண்டு யாருக்குப் போகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டும். மாதப் பத்திரிகைகளுக்கு அனுப்பினால் முகவரி கேட்பார்கள். ஆகவே லோகேஷ் காட்டிய அந்தப் பக்கத்திலேயே போடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். அதற்குக் 'கன்ஃபெஷன்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது பொருத்தமில்லை. இது புகார்.

தமயந்தியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "பேர் போடுவீங்களா?" என்றாள்.

போடுவதாக இல்லை. மொட்டைப் பெட்டிஷன் வேறு, இது வேறு. அவன் பயந்துகொண்டு போடவில்லை. நான் விஷயம்தான் முக்கியம் என்பதால் போடவில்லை. அந்தப் பதினான்கு வீடுகளிலும்தான் என் பெயர் எங்கும் கிடையாது.

சனிக்கிழமை மேஸ்திரியைக் கருமண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் இதை அனுப்பிவிடுவேன். எங்கள் வகுப்பில் மொத்தம் அறுபது பேர். எழுதியது யாரென்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.